அஞ்சு தோப்புக்கரணம்

மறுநாள் ஆபரேஷன் பட்டியலில் மூன்றாவது பெயரைப் பார்த்ததும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

வெற்றிச்செல்வன். வயது ஐம்பத்திரண்டு. பருத்திப்பட்டு. பித்தப்பையில் கல். முழு மயக்கம்.

ஆவடிப் பக்கம் இந்தப் பெயரில் நூறு பேர் இருப்பார்கள். ஆனால் தொழில் என்ற இடத்தில் 'ஹெல்த் கோச்' என்று எழுதியிருந்தது. அப்படி எழுதுகிறவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். ஒன்றரை வருடமாக இந்த ஆளை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மூக்கை உடைக்கலாமா, வண்டியைக் கொளுத்தலாமா, ஏரியில் தள்ளலாமா. கடைசியில் அவனே வந்து, பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் நான் வேலை பார்க்கும் முப்பது படுக்கை ஆஸ்பத்திரியில், ஏழாம் நம்பர் கட்டிலில் படுத்திருக்கிறான்.

நான் ராஷித். மயக்க மருந்துப் பிரிவில் டெக்னீஷியன். மருந்து கொடுப்பது கார்த்திகா மேடம். அதற்கு முன்னால் நோயாளியிடம் போய் பிரஷர் பார்த்து, பல் ஆடுகிறதா, ஆஸ்துமா உண்டா, என்னென்ன சாப்பிடுகிறார் என்று கேட்டு, படிவம் நிரப்புவது என் வேலை.

என் அம்மாவின் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன்.

அம்மா பெயர் குல்ஷன். கல்யாண பிளவுஸ்களுக்கு ஆரி வேலை, மணி வேலை செய்வார். கரையான்சாவடியிலிருந்து குமணன்சாவடி வரை எந்தத் தையல் கடையில் கேட்டாலும் அம்மாவின் மயில் டிசைனைக் காட்டுவார்கள். உட்கார்ந்தே இருந்து உடம்பு கனத்துவிட்டது என்று பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடக்கப் போனார். அங்கேதான் வெற்றிச்செல்வனின் காலைக் கூட்டம். ஐம்பது பேர், எல்லோருக்கும் பச்சை டி-சர்ட், குடிக்க ஒரு கிளாஸ் கொழகொழ கஞ்சி, கூடவே பச்சை டப்பாவில் மூலிகை மாத்திரை. அம்மாவும் புர்காவுக்கு மேலேயே அந்தப் பச்சை டி-சர்ட்டை மாட்டிக்கொண்டு போவார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. பச்சை டப்பாவை யாரும் 'மருந்து' என்று சொல்லக்கூடாது. அது சாப்பாடு. வாய் தவறி மருந்து என்று சொல்லிவிட்டால் அங்கேயே அஞ்சு தோப்புக்கரணம். மற்றவர்கள் கைதட்டி எண்ணுவார்கள். அம்மா முதல் வாரத்திலேயே மூன்று தடவை மாட்டினார். வீட்டுக்கு வந்து ஹாலில் போட்டுக் காட்டிவிட்டு மூச்சு வாங்கச் சிரிப்பார். "இன்னாடா பாக்குற? டாக்டரே மருந்துன்னு சொன்னாலும் அங்க தோப்புக்கரணந்தான். ரூல்னா ரூலு."

கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் முடிவானபோது எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தேன். படிவத்தில் பதினோராவது கேள்வி: வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?

"மருந்தா? நான் எதுக்குடா மருந்து துன்னப் போறேன்?" என்றார் அம்மா.

அவர் பொய் சொல்லவில்லை. ஆறு மாதத் தோப்புக்கரணத்தில் அந்த டப்பா அவர் தலைக்குள் சாப்பாடாகவே மாறியிருந்தது. நான்தான் தினமும் ஃபிரிட்ஜ் மேலே அதைப் பார்த்தவன். இருந்தும் 'இல்லை' என்று எழுதினேன். என் கையெழுத்து.

ரத்தம் நிற்கவில்லை. கட்டக் கட்டக் கசிந்தது. பரிசோதனை முடிவெல்லாம் சுத்தமாக இருந்த உடம்பு அது. ஆறு பாட்டில் ஏற்றினோம். பிரஷர் பாதாளத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. நாலு நாள் கழித்து ஐ.சி.யூ.வில் கண் திறந்த அம்மா, "ராஷி, லைட்ட போடுடா" என்றார். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. கண் நரம்புக்குக் கொஞ்ச நேரம் ரத்தம் போகவில்லை என்றார்கள். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் பாதி மிச்சம்.

கார்த்திகா மேடம் பச்சை டப்பாவை வாங்கிப் பின்பக்கத்தைப் படித்தார். பூண்டுச் சாறு, இஞ்சி, ஜின்கோ, ஜின்செங்.

"குழம்புல போடற பூண்டு வேற, ராஷித். இது வடிச்சு, சுண்ட வச்சு, மாத்திரைக்குள்ள அடைச்சது. ரத்தம் உறையவே விடாது. நாம எடுக்கிற டெஸ்ட்ல காட்டவும் காட்டாது. ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே நிறுத்தியிருக்கணும்."

இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கோச்சாண்ட கேட்டேன்டா. ஆபரேஷனாம், நிறுத்தட்டுமான்னு. அவருதான், ரெண்டு ரெண்டா போடும்மா, காயம் சீக்கிரம் ஆறும்னாரு."

போலீஸுக்குப் போகலாம் என்றேன். "வாயத் தொறந்து துன்னவ நானு. அவரு மேல இன்னான்னு எழுதிக் குடுப்ப?" என்று முடித்துவிட்டார். ஒரு நாள் காலையில் நானே ஏரிக்கரைக்குப் போனேன். கூட்டத்தின் நடுவில் அவன் நின்று கைதட்டிக்கொண்டிருந்தான். ஐம்பது பேரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் என்னைத்தான் ஏரியில் தள்ளியிருப்பார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

வந்ததும் ஒரு காரியம் செய்தேன். பதினோராவது கேள்வியை மாற்றச் சொல்லி மேடத்திடம் பிடிவாதமாக நின்றேன். இப்போது அது இப்படி இருக்கிறது: டப்பா, பாட்டில், பொட்டலம் எதிலிருந்தாவது எடுத்து, சத்துக்காகவோ உடம்புக்காகவோ எதையாவது விழுங்குகிறீர்களா?

அம்மா இப்போது பிளவுஸுக்குக் கொக்கி தைக்கிறார். தினமும் காலையில் பத்து ஊசியில் நான் நூல் கோத்து வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன்.

அன்றும் பத்து ஊசி கோத்துவிட்டு வந்த விரலோடுதான் படிவத்தை எடுத்துக்கொண்டு ஏழாம் கட்டிலுக்குப் போனேன். முகத்தில் மாஸ்க், தலையில் தொப்பி.

போகிற வழியில் ஒரு நினைப்பு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். இவன் எப்படியும் 'இல்லை' என்பான், நானும் 'இல்லை' என்று எழுதிவிடலாம், மேடம் கத்தியை எடுக்க அனுமதிப்பார், ரத்தம் பாட்டுக்குப் போகட்டும். என் கை அதை ஒரு தடவை எழுதிப் பழகிய கைதானே.

"வா தம்பி, வா வா," என்றான். ஏரிக்கரையில் கேட்ட அதே குரல். வலியில் முகம் மட்டும் வெளுத்திருந்தது. "டாக்டரா?"

"டெக்னீஷியன் சார்."

"நம்ம ஆளு. கை குடு."

பிரஷர் பார்த்தேன். பல், ஆஸ்துமா, அலர்ஜி எல்லாம் முடித்துப் பதினோராவது கேள்வியைப் படித்தேன்.

"சேச்சே, கிடையவே கிடையாது," என்றான்.

"நீங்க ஹெல்த் கோச்சுன்னு போட்டுருக்கு சார். பச்சை டப்பா உங்களோடதுதானே? நீங்களே சாப்பிட மாட்டீங்களா?"

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். பக்கத்துக் கட்டில் காலி. பள்ளிக்கூடத்துப் பையன் பிட்டை மறைக்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

"உனக்கு சொல்றதுக்கு இன்னா, நீயும் இந்த லைன்ல கீற. கம்பெனி மீட்டிங்லயே சொல்லிட்டான் தம்பி. ஆபரேஷன் கேஸுக்கு மட்டும் குடுக்காத, ரத்தம் நிக்காதுன்னு. நான் இத்தினி வருசத்துல ஒண்ணு வாயில போட்டதில்ல. எனக்கு எதுக்கு வம்பு?"

"அப்போ உங்க கிளப் ஆளுங்களுக்கு ஆபரேஷன்னா?"

"நிறுத்துன்னு சொன்னா அவ்ளோதான் தம்பி. ஒரு வாட்டி நிறுத்துனவன் திரும்ப ஆரம்பிக்க மாட்டான். பழக்கம் வுட்டுப்பூடும். அதான் கண்டுக்கறதில்ல. ஒண்ணும் ஆவாது, எல்லாம் நல்லாதான் எழுந்து வர்றாங்க."

என் பேனா படிவத்தில் ஒரு இடத்திலேயே அழுந்தி மை ஊறியது. தெரியாமல் செய்தவன் என்றுதான் இத்தனை நாள் அவனை வெறுத்துக்கொண்டிருந்தேன். அதுவே எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. இப்போது இவன் தெரிந்தே செய்திருக்கிறான். தெரிந்தே ரெண்டு ரெண்டாகப் போடச் சொல்லியிருக்கிறான்.

ரத்தம் போய்ச் சாக விடுவது இவனுக்குக் குறைச்சல் என்று தோன்றியது. அதோடு, விடவும் முடியாது. மாத்திரையையே தொடாத இவன் ரத்தம் என் அம்மா ரத்தத்தை விடச் சுத்தமாக உறையும்.

"உங்க கூட யார் சார் இருக்காங்க?"

"வீட்டுக்காரி திருத்தணி போயிருக்கா. சரசான்னு நம்ம கிளப்பு லீடரு, அதுதான் சேத்துச்சு. பதினோரு மணிக்கு எல்லாம் வரும்."

"சரி சார். கடைசி பக்கம் அவங்க வந்த பிறகு முடிச்சுக்கலாம். சாட்சி கையெழுத்து வேணும்," என்று பதினோராவது கேள்வியைக் காலியாகவே விட்டுவிட்டு வந்தேன்.

செய்யக்கூடாத வேலை. நோயாளி தனியாகச் சொன்னதை ஆட்களை வைத்துக்கொண்டு மறுபடி கேட்பது எங்கள் வேலையிலேயே பெரிய தப்பு. தெரிந்துதான் செய்தேன்.

பதினோரு மணிக்கு ஐந்து பச்சை டி-சர்ட்டுகள் வார்டுக்குள் வந்தன. முன்னால் சரசா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவர்; ஒரு தையல் விட்டிருந்தாலும் பிடிக்கிற கண். பின்னால் தங்கவேல் என்று ஒரு பெரியவர், பாடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் ஆப்பிள்.

"இன்னா கோச்சு, நம்ம டப்பா கல்லக் கரைக்கும்னுதான சொன்ன? உனுக்கே கல்லு வந்துகீது?" என்றார் தங்கவேல்.

"அண்ணாத்தே, இது பிறவிலயே இருந்த கல்லு. டப்பா இல்லாங்காட்டி எப்பவோ வெடிச்சிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சரசா கட்டிலைச் சுற்றி வந்து தலையணையைச் சரிசெய்தார். நான் படிவத்தோடு போய் நின்றேன்.

"சார், இந்த ஒரு கேள்விதான் பாக்கி." குரலை ஏற்றியே படித்தேன். "டப்பா, பாட்டில், பொட்டலம் எதிலிருந்தாவது எடுத்து, சத்துக்காக ஏதாவது விழுங்குறீங்களா?"

அவன் என்னைப் பார்த்தான். காலையில் சொன்னேனே என்ற பார்வை. பிறகு ஐந்து டி-சர்ட்டுகளைப் பார்த்தான்.

"இன்னா தம்பி கேள்வி இது," என்று சரசா முந்திக்கொண்டார். "அவரு வேளைக்கு மூணு போடுவாரு. அத்தப் பாத்துதான் நாங்களே போடுறோம்."

"சார் வாயால சொல்லணும்மா."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஆமா. போடுறேன். வேளைக்கு மூணு."

'ஆம். தினம் ஒன்பது மாத்திரை' என்று பெரிதாக எழுதி, கார்த்திகா மேடத்தைக் கூப்பிட்டேன். மேடம் வந்து படித்தார். கையிலிருந்த பட்டியலில் மூன்றாவது பெயரை அடித்தார்.

"நாளைக்கு ஆபரேஷன் கிடையாது. இதை நிறுத்தி ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

"ரெண்டு வாரமா? மேடம், நைட்டெல்லாம் வலி உயிரு போவுது!"

"ஊசி போட்டுத் தாங்கிக்க வேண்டியதுதான். இடையில முத்திப்போச்சுன்னா அவசரமா பண்ணுவோம். ஆனா ஆறு பாட்டில் ரத்தம் ஏற்பாடு பண்ணிட்டுத்தான் கை வைப்பேன். இங்க ஒருத்தங்களுக்கு ஆயிருக்கு."

அந்த நேரம் பார்த்து அவனுக்கு வலி வந்தது. வலது விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். நெற்றியில் வியர்வை அரும்பியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு நன்றாக இருந்தது.

"மேடம், எல்லாரையும் கொஞ்சம் வெளிய போச் சொல்லுங்க," என்றான் பல்லைக் கடித்தபடி.

டி-சர்ட்டுகள் வராண்டாவுக்குப் போயின. அவன் எழுந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றுகூட வாயில் வைத்ததில்லை, சத்தியம், பிள்ளை மேல் சத்தியம், காலையிலேயே இந்தத் தம்பியிடம் சொன்னேன்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "சொன்னாரா?"

"சொன்னார் மேடம்."

"அப்புறம் எதுக்குத் திரும்பக் கேட்ட?"

மேடத்துக்குப் புரிந்துவிட்டது. என் அம்மாவின் உயிரை ஆறு மணி நேரம் பிடித்து நிறுத்தியவர் அவர். பச்சை டப்பாவை மறந்திருக்க மாட்டார். "உங்கிட்ட அப்புறம் பேசறேன்," என்றார். பிறகு அவனிடம், "ஒரே கேள்விக்கு ரெண்டு பதில் குடுத்திருக்கீங்க. நான் எதை நம்பி மயக்கம் குடுக்கறது? எது நிஜமோ அதை உங்க கைப்பட எழுதுங்க. உங்களைச் சேர்த்தவங்க சாட்சி போடணும். யாரா இருந்தாலும் இங்க இதான் வழக்கம்."

"நானே போட்டுர்றேனே மேடம், எதுக்கு சாட்சி..."

"அப்போ ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

அவன் எழுதினான். கோணல்மாணலாக நாலு வரி. 'பச்சை டப்பா மாத்திரையை நான் சாப்பிட்டதே இல்லை. முன்பு சொன்னது தவறு.' கீழே கையெழுத்து.

நான் வராண்டாவுக்குப் போய், "சரசாம்மா, ஒரு கையெழுத்து" என்றேன். கதவைச் சாத்தவில்லை. மற்ற நாலு பேரும் வாசலில் வந்து நின்றார்கள்.

"சும்மா ஃபார்மாலிட்டி சரசா, கீழ போடு," என்று அவன் பேனாவை நீட்டினான்.

சரசா எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை. விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். நாலாவது வரியில் விரல் நின்றது. மறுபடி முதல் வரிக்கு வந்தது.

"இன்னா கோச்சு இது?"

"ஆபரேஷனுக்காக எழுதுனது. டாக்டரு ஒத்துக்கணும்ல, அதுக்கு."

"பொய்யி எழுதிக்கீறியா, நெசமா?"

பொய் என்றால் மேடம் நிற்கிறார். நிஜம் என்றால் சரசா நிற்கிறார்.

"சரசா, புரிஞ்சுக்கோ. ஆபரேஷன் டைம்ல அந்த மருந்து உடம்புல இருந்தா ரத்தம் நிக்காது..."

சரசா பேனாவைக் கட்டில் மேல் வைத்தார். "என் பொண்ணு வர்ஷாக்கு அடுத்த மாசம் சிசேரியன். நீ சொல்லித்தான தினம் ரெண்டு குடுத்துகினு கீறேன்? புள்ளைக்கு மூளை நல்லா வளரும்னியே?"

"எனக்கு இப்பத்தான்மா தெரியும். டாக்டரு சொல்லித்தான்..."

இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த ஒரே வாக்கியத்தை அப்போது விட்டேன். "காலையில என்கிட்ட வேற மாதிரி சொன்னீங்களே சார். கம்பெனி மீட்டிங்லயே சொல்லிட்டாங்க, ஆனா நிறுத்துனா திரும்ப ஆரம்பிக்க மாட்டாங்க, அதான் கண்டுக்கறதில்லன்னு."

"ராஷித்!" என்றார் மேடம்.

ஆனால் சொல்லியாயிற்று.

"குல்ஷன் அக்கா," என்றார் சரசா மெதுவாக. "குல்ஷன் அக்கா உன்னாண்ட வந்து கேட்டப்ப பக்கத்துல நான்தான் நின்னுகினு இருந்தேன். நிறுத்தட்டுமா கோச்சுன்னுது. ரெண்டு ரெண்டா போடுன்ன. அப்புறம் அது ஏன் வர்றதில்லன்னு கேட்டதுக்கு, அதுக்கு நம்பிக்கை பத்தல, வுட்டுடுன்ன. தெரிஞ்சே செஞ்சிக்கீற நீ."

"சரசா..."

"இப்ப மருந்துன்ன."

"இன்னாது?"

"அந்த மருந்து உடம்புல இருந்தான்னு சொன்ன. நான் கேட்டேன். தங்கவேல் அண்ணே, கேட்டியா?"

"கேட்டேன்," என்றார் வாசலில் இருந்த தங்கவேல்.

"ரூல்னா ரூலு. எறங்கு. அஞ்சு."

அவன் சிரிக்கப் பார்த்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. மேடத்தைப் பார்த்தான். மேடம் சலைன் பாட்டிலின் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டு, கையில் ஊசியும் குழாயுமாக எழுந்து நின்றான். இடது கை வலது காதைப் பிடித்தது. குழாய் இழுக்க, வலது கை இடது காது வரை எட்டவில்லை.

"ஒண்ணு," என்று எண்ணினார் தங்கவேல்.

அவன் பாதி குனிந்ததும் வலி பிடுங்கியது. அங்கேயே கட்டில் விளிம்பில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். ஏரிக்கரையில் என்றால் இந்நேரம் ஐம்பது பேர் கைதட்டியிருப்பார்கள்.

"போதும், படுங்க," என்றார் மேடம்.

சரசா பேனாவை எடுத்து, சாட்சி என்ற இடத்தில் அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். ஆப்பிளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

மாடிப்படிக்குக் கீழே வைத்து மேடம் என்னைக் கால் மணி நேரம் திட்டினார். இன்னொரு தடவை இப்படிச் செய்தால் வேலை இருக்காது என்றார். தலையை ஆட்டினேன். முடித்துவிட்டுப் போகும்போது நின்று, "அம்மாவோட இடது கண் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

மறுநாள் காலை பத்தரைக்கு அவனை மேஜையில் படுக்க வைத்தார்கள். நெஞ்சில் வயர் ஒட்டினேன், விரலில் கிளிப் மாட்டினேன். மேலே விளக்கு. அவன் என் கையைப் பிடித்தான்.

"தம்பி, உனக்கு நான் இன்னா செஞ்சேன்? ஏன் என்னை அப்டி மாட்டி வுட்ட?"

மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கினேன். "ஆரி வேலை செய்வாங்க சார், குல்ஷன்னு. உங்க கிளப்ல அதிகமா தோப்புக்கரணம் போட்டவங்க. நான் அவங்க பையன்."

எண்பத்தைந்தில் இருந்த நாடித் துடிப்பு திரையில் நூற்று முப்பதுக்குத் தாவியது. எழுந்திருக்கப் பார்த்தான். இடுப்பை மேஜையோடு சேர்த்துப் பட்டை கட்டியிருந்தது.

"பல்ஸ் ஏன் ஏறுது?" என்றார் கார்த்திகா மேடம், சிரிஞ்சில் மருந்தை ஏற்றியபடி.

"பயம் மேடம்."

"பயப்படாதீங்க. இதோ தூங்கிடுவீங்க."

ஆக்சிஜன் மாஸ்க்கை அவன் முகத்தில் வைத்து அழுத்தினேன். கடைசி வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஏதோ செய்யப்போகிறேன் என்று நம்பியபடியேதான் அவன் கண் சொருகியது. அந்த நாலு விநாடியை நான் யாருக்கும் தர மாட்டேன்.

ஒன்றும் செய்யவில்லை. தாடையைத் தூக்கிப் பிடித்தேன், குழாயை எடுத்துக் கொடுத்தேன், ஒவ்வொரு மூச்சையும் பார்த்துக் குறித்தேன். அவன் உடம்பிலிருந்து ஒரு மூடி அளவுகூட ரத்தம் போகவில்லை. நன்றாக உறைகிற ரத்தம்.

ஒரு மணிக்குக் கண் விழித்தான். முதலில் கை கால் எல்லாம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பிறகு வாசலை.

"யாராச்சும் வந்தாங்களா?"

"வந்தாங்க சார். சரசாம்மா. உள்ள வரல. பொண்ணைக் கூட்டிக்கிட்டு பிரசவ டாக்டரைப் பாக்கப் போறாங்களாம். இதை மட்டும் குடுத்துட்டுப் போனாங்க."

கால்மாட்டில் வைத்திருந்ததைக் காட்டினேன். ஐந்து பச்சை டி-சர்ட்டுகள். துவைத்து, தேய்த்து, மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக. எல்லாவற்றுக்கும் மேலே பாதி காலியான பச்சை டப்பா.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மயக்கம் தெளிந்தவர்களிடம் கேட்க எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. பேனாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டேன்.

"வலி எவ்வளவு சார்? பத்துக்கு எத்தனை?"

எனக்கு அடுத்த கேஸ் இரண்டரைக்குத்தான். உட்கார்ந்து காத்திருந்தேன்.